மறு: வீட்டரங்குக் கணினியும் அதற்கேற்ற இயங்குதளமும் – சொல்லை முடிவு செய்வோம்

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கும் கணினியை எப்படி அழைப்பது என்பது ஒன்று. அந்தக் கணினியில் போடுவதற்கென்றே, அந்த வேலைக்கென்றே கட்டப்பட்ட இயங்குதள (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வகைக்கு என்ன பெயர் என்பது மற்றொன்று. இதுவரை வந்த மடல்கள் எல்லாம் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு இரண்டாவதுதான் அவசரம். மொரீசியசில் எங்கள் சங்கத்துக் குடும்பங்களுக்காக எழுதிவரும் கையேடு அந்தச் சொல் இல்லாமல் நகர மறுக்கிறது.

முதல் கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன்.

> இல்லத் திரையரங்குக் கணினி என்றால் எல்லாருக்கும் புரியும்.

டர்பன் அக்கா சொல்வது உண்மை, புரியும். ஆனால் இங்கே பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். கடையில் இதற்கு 'ஹோம் சினிமா' என்றுதான் பெயர். அந்தச் சின்னச் சொல்லுக்கு எதிரே இத்தனை நீளமான தொடர் நிற்காது. 'வீட்டரங்கு' நிற்கும். நெல்லைப் பக்கம் வீட்டின் உள்ளறைக்கே அரங்கு என்று பெயர் உண்டு. வீட்டுக்கும் அரங்குக்கும் உறவு புதிதல்ல.

> கூடக்கணினி. நான்கு அசையில் முடிந்துவிடும்.

வீட்டின் கூடத்தில் வைக்கும் கணினி என்ற பொருளில் ரோஸ் ஹில் ஆசிரியை தந்த சொல் எனக்குப் பிடித்திருந்தது. சொற்றொடரில் வைத்தபோதுதான் இடித்தது. 'இது கூடக் கணினி' என்று எழுதினால், 'இதுவும் ஒரு கணினிதான்' என்றுதான் முதலில் படிப்போம். சாரியை சேர்த்துக் 'கூடத்துக் கணினி' என்றால் அந்த இடறல் தீரும். ஆனாலும் ஒரு பொருளுக்கு அது வைக்கப்படும் இடத்தால் பெயரிட்டால், இடம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். படமும் பாட்டும் ஓட்டும் கோடி மென்பொருளுக்கு நடந்தது அதுதான். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்தது, எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்று பெயர் பெற்றது. பிறகு அந்தப் பெட்டியை விட்டு வேறெல்லாக் கருவிகளுக்கும் போய்விட்டது. பெயர் மட்டும் பழைய பெட்டியிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. 2014இல் கோடி என்று மாற்றினார்கள்.

(கோடி என்று தனியாக எழுதினால் பலரும் எண் என்றே படிக்கிறார்கள். கையேட்டில் எப்போதும் 'கோடி மென்பொருள்' என்றே எழுதப் போகிறேன்.)

யாங்கூன் ஐயா 'எழினி'யை முன்வைத்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை வருகிறது. அழகான சொல், மறுக்க மனம் வரவில்லை. ஆனால் எழினி திரைச்சீலை. 'திரை' என்ற சொல்லும் சீலையாக இருந்துதான் இன்று ஒளி விழும் பரப்பாக மாறியிருக்கிறது. அந்தப் பயணத்தை ஒரு சொல் முடித்துவிட்ட பிறகு இன்னொன்றை ஏன் அதே வழியில் அனுப்ப வேண்டும்? எழினியை வேறொரு தேவைக்குக் காத்து வைப்போம்.

ஆக, என் வாக்கு 'வீட்டரங்குக் கணினி'க்கு.

இனி இரண்டாவது. இந்தச் சொல் ஏன் தேவை என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, பழைய செயலிகளை ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மேசைக்கணினிகள் இப்போது வேலை மேசையிலிருந்து இறங்கித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. "இதில் எதைப் போடட்டும்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு, லினக்சு என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளில் உபுண்டுவா மின்ட்டா என்ற கேள்வி முக்கியமே இல்லை. இந்தப் பெட்டி இனியும் கணினியாக இருக்க வேண்டுமா, அல்லது தொலையியக்கியை (ரிமோட்டை) எடுத்தால் படம் ஓடும் கருவியாக ஆகிவிட வேண்டுமா என்பதுதான் அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது. அதற்குப் பிறகு பெயர்கள் தாமாக வந்து விழும்.

முதல் வகையில் விண்டோஸ், உபுண்டு, மின்ட் எல்லாம் அடங்கும். இணையத்தில் சந்தா கட்டிப் படம் பார்க்கும் குடும்பத்துக்கு இவற்றில் விண்டோஸ்தான் ஏற்றது. நெட்ஃப்ளிக்ஸ் தக்க வன்பொருள் இருந்தால் விண்டோசின் எட்ஜ் உலாவியில் 4கே தெளிவில் படம் தரும், லினக்சு உலாவியில் தராது. படங்களைப் படியெடுக்க விடாமல் காக்கும் உரிமப் பூட்டு அப்படி அமைந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு லினக்சைப் பரிந்துரைப்பது நேர்மையில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிட்டேன்.

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு லிப்ரெஎலெக். ஓப்பன்எலெக் என்ற பழைய திட்டத்திலிருந்து 2016இல் பிரிந்தது. உள்ளே லினக்சு, மேலே கோடி மென்பொருள், நடுவில் மேசைத்தளம் என்று எதுவுமே இல்லை. மின்சாரம் வந்தவுடன் படப் பட்டியலில் வந்து நிற்கும். அமைப்புக் கோப்புகள் படிக்க மட்டும் திறந்த சுருக்கப் பொதியாக இருக்கின்றன, நம் அமைவுகள் வட்டின் வேறொரு பிரிவில் எழுதப்படுகின்றன. புயல் மாதங்களில் மின்சாரம் திடீரென்று போய் வரும் எங்கள் தீவில் இது பெரிய ஆறுதல். பாதியில் நின்றாலும் அமைப்புப் பகுதி கெடும் வாய்ப்பு மிகக் குறைவு.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது படத்தின் ஓட்டம். இங்குள்ள குடும்ப வன்தட்டுகளைத் திறந்தால் மூன்று வகைப் படங்கள் கலந்து கிடக்கும். சினிமா நொடிக்கு 24 சட்டகம், அதாவது 24 அசையாப் படங்கள். கல்யாணத்துக்கும் தைப்பூசக் காவடிக்கும் எடுத்த பழைய ஒளிப்பதிவுகள் 25. கைப்பேசியில் எடுத்தவை 30. திரை நொடிக்கு 60 முறை என்று நிலைத்து நின்றால், 24 சட்டகப் படத்தில் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்படும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் அந்தத் துள்ளல் கண்ணை உறுத்தும். 25 சட்டகக் காவடி ஊர்வலத்தில் பங்கீடு இன்னும் சீரற்றுப் போகும். கோடி மென்பொருளில் திரையின் புதுப்பிப்பு வீதத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைவு இருக்கிறது. அது விண்டோசிலும் உண்டு என்றாலும், திரையைப் பங்குபோட வேறு நிரல்கள் இல்லாத இடத்தில் தடையில்லாமல் நடக்கிறது. ஒலியும் அப்படியே. பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) இருக்கும் வீட்டில் பல்தட ஒலியைக் கலைக்காமல் அதற்கு அனுப்ப, இடையில் ஒலிக் கலவை நிரல் எதுவும் இல்லாதிருப்பது நல்லது.

குறைகளும் உண்டு. பிள்ளை அதில் பள்ளிப் பாடம் எழுத முடியாது. என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டை இருந்தால் வேறு பதிப்பைத் தேட வேண்டும். தொலைக்காட்சியின் தொலையியக்கியாலேயே கணினியையும் இயக்கலாம் என்பது ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் சரி, சாதாரணக் கணினியின் எச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. ராஸ்பெர்ரி பை 5இல் எச்.264 முறையில் சுருக்கிய படங்களுக்கு வன்பொருள் துணையும் இல்லை, செயலியே சுமக்க வேண்டும். எதை எங்கே போடுவது என்று பார்த்தே போட வேண்டும்.

இந்த வகைக்குத்தான் பெயர் கேட்கிறேன். வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'உட்பொதி இயங்குதளம்.' லிப்ரெஎலெக்கின் முழுப்பெயரிலேயே (Libre Embedded Linux Entertainment Center) அந்தக் கருத்து இருக்கிறது என்று வாதிட்டார்கள். இருக்கிறது. ஆனால் சலவை இயந்திரத்துக்குள் தொழிற்சாலையிலேயே வைத்து மூடி அனுப்புவதும் உட்பொதிதான். நாம் பேசுவது பழைய கணினியில் நாமே பதிவிறக்கிப் போடுவதை. வாசகர் 'இதை நானே போடலாமா?' என்று தயங்குவார்.

'ஒற்றைப்பணி இயங்குதளம்.' இதைத்தான் அழுத்தமாக மறுக்கிறேன். ஒற்றைப்பணி என்பது பல்பணிக்கு எதிர்ச்சொல்லாக, பழைய டாஸ் இயங்குதளம் போல ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் ஓடும் அமைப்பைக் குறிக்கும். லிப்ரெஎலெக் அப்படியல்ல. படம் ஓடும்போதே பின்னணியில் வசன வரிகளை இறக்கும், நூலகத்தைப் புதுப்பிக்கும், பக்கத்து அறைக் கணினிக்குக் கோப்புகளைப் பகிரும். அது முழுமையான பல்பணி இயங்குதளம். நோக்கம் மட்டுமே ஒன்று. இந்தச் சொல்லை ஏற்றால் தவறான செய்தியையே அச்சிட்டுக் கொடுத்தவர்களாவோம்.

'குறு இயங்குதளம்.' சிறியதாக இருப்பது அதன் விளைவு, இலக்கணம் அல்ல. பொதுவேலைக்கென்றே சிறியதாகக் கட்டிய லினக்சுகளும் உண்டு.

'போதளவு இயங்குதளம்.' கோடி மென்பொருளுக்குப் போதுமான அளவு இயங்குதளம் என்று அந்தத் திட்டம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதிலிருந்து எடுத்தது. கருத்து மிகச் சரி. சொல் தடுமாறுகிறது. 'போது' என்றவுடன் பொழுது நினைவுக்கு வருகிறது, 'பொழுதளவு' என்று படித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது.

'தனிப்பயன் இயங்குதளம்.' இதைத்தான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் தனிப்பயனாக்கல் என்பது அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்வது என்ற பொருளில் கைப்பேசிகளிலெல்லாம் வேரூன்றிவிட்டது. அந்த இடம் நிரம்பிவிட்டது.

நான் முன்வைப்பது 'தனிப்பணி இயங்குதளம்'. தனி என்றால் தனியார் என்று கொள்வார்களே என்ற ஐயம் வரும். காவல்துறை ஒரு வழக்குக்காக அமைப்பதைத் தனிப்படை என்கிறோம். ஒரு பொறுப்புக்காக அமர்த்தப்பட்டவர் தனி அலுவலர். இவற்றில் தனியார் பொருள் யாருக்கும் வருவதில்லை, 'இதற்கென்றே' என்ற பொருள்தான் வருகிறது. இதன் இணைச்சொல் 'பொதுப்பயன் இயங்குதளம்'. பொதுப்பணி என்று வைத்தால் சாலை போடும் துறை குறுக்கே வந்துவிடும், ஆகவே பணி, பயன் என்ற வேறுபாட்டை அப்படியே விட்டுவிடலாம். இணைச்சொற்கள் ஓசையில் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்குத் தெரியவில்லை.

கையேட்டுப் பத்தி இப்படி வருகிறது:

"வீட்டரங்குக் கணினிக்குப் பொதுப்பயன் இயங்குதளம் வேண்டுமா, தனிப்பணி இயங்குதளம் போதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதே கணினியில் மின்னஞ்சலும் பள்ளிப் பாடமும் சந்தாப் படங்களும் பார்ப்பீர்களானால் முன்னதைப் போடுங்கள். வன்தட்டில் சேர்த்து வைத்த படங்களும் பாட்டுகளும் மட்டும் என்றால் பின்னதைப் போடுங்கள். தனிப்பணி இயங்குதளத்தை முதலில் ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, தமிழ் வசன வரியுள்ள படம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல் தெரிகின்றனவா என்று கவனியுங்கள்."

மறுப்பு இருந்தால் சொல்லை மட்டும் எழுதாமல், அதை இந்தப் பத்திக்குள் வைத்து எழுதி அனுப்புங்கள். எனக்கு அதுதான் உதவும்.

இன்னொன்று பாக்கி. ஒலியைக் கணினி தொடாமல் பெருக்கிக்கு அப்படியே விடுவதற்கு 'ஊடனுப்பு' என்று வைத்திருக்கிறேன். 'கடத்தல்' பொருந்தும் என்றாலும் சுங்கத்துறை நினைவு வருகிறது. ரெயூனியன் நண்பர் 'நேரனுப்பு' நல்லது என்கிறார். நேரலையோடு குழம்புமோ என்று தயங்குகிறேன். இதைப் பற்றி ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவர்கள் யாராவது எழுத வேண்டும்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து