பேக்கிங் தரையில் கேட்ட பேச்சு

புளோரிடாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியம் இரண்டு மணி தாண்டினால் மேகம் கறுத்துவிடும். இடி கேட்டதும், பாராசூட்டில் குதிக்க எங்களை ஏற்றிப்போகும் விமானத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, பாராசூட் மடிக்கும் பேக்கிங் கொட்டகையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஸ்கைடைவிங் பற்றி நான் கற்றதில் பாதி அந்தக் கம்பளத்தில் கற்றது. முதுகில் மாட்டும் பாராசூட் தொகுப்பைத்தான் ரிக் என்போம். அதை வாங்குவது எப்படி என்று இங்கே பலர் கேட்டிருந்ததால் 2025 ஆகஸ்டில் புளோரிடாவின் டிலேண்ட் ஊரில் நடந்ததை எழுதுகிறேன். ரிக் பற்றிச் சொல்லித் தந்த யாரையாவது சந்தித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

அப்போது எனக்கு 38 ஜம்ப். 25-ஆவது ஜம்ப்பிலேயே முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் வாங்கியாயிற்று. ஒவ்வொரு ஜம்ப்புக்கும் டிக்கெட் காசு, அதற்கு மேல் ரிக் வாடகை. சொந்த ரிக் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, போனில் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் (முதுகுப் பை), மெயின் (முதல் பாராசூட்), ரிசர்வ் (ஆபத்துக்கான இரண்டாவது பாராசூட்), சைப்ரஸ் (நாம் இழுக்காவிட்டால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவி) எல்லாம் புதிதாக என்றால் பத்தாயிரம் டாலரைத் தொட்டது. அந்த மாதம்தான் ஐரோப்பியப் பொருள்களுக்கு 15 சதவீத இறக்குமதி வரி வந்திருந்தது. சைப்ரஸ் ஜெர்மனியில் செய்வது. "இதுவும் ஏறிவிடுமோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இரண்டு பெரியவர்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். ஒருவர் ஓஹாயோக்காரர், அறுபதுகளின் கடைசியில் குதிக்கத் தொடங்கியவர். மற்றவர் உக்ரைனின் கார்கிவில் பிறந்து சோவியத் காலத்தில் குதித்தவர். நான் சொன்ன ஒரு வார்த்தை போதும், இருவருக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது.

ஓஹாயோக்காரர் வரியை ஆதரிப்பவர். இந்த ஊரிலேயே தைக்கிறார்கள், இந்த ஊரிலேயே வாங்கு என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. டிலேண்ட் விமான நிலையத்தைச் சுற்றித்தான் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் என்ற நிறுவனம் கேனபி, அதாவது பாராசூட்டின் குடைத்துணி, தைக்கிறது, பில் பூத் என்பவர் தொடங்கிய நிறுவனம் கன்டெய்னர் தைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் தளமாக இருந்த இடம் அது. கார்கிவ்காரர் விடவில்லை. "நைலான் நூலும் வளையமும் வரி கட்டித்தானே வரும்? அந்தக் காசை யார் தலையில் கட்டுவார்கள், இந்தப் பையன் தலையில்தானே?" என்றார்.

பேச்சு அங்கிருந்து பழைய காலத்துக்குப் போயிற்று. ஓஹாயோக்காரரின் முதல் பாராசூட் ராணுவத்தில் மிஞ்சியது. 28 அடி வட்டக் குடை. பின்பக்கம் துணியை வெட்டி ஓட்டை போட்டால் காற்று அதன் வழியே போய்க் கொஞ்சம் முன்னே தள்ளும், அதுதான் ஸ்டீயரிங். ரிசர்வ் வயிற்றின் மேல் கட்டியிருக்கும். போருக்காக அரசாங்கம் மலை மலையாகத் தைத்து வைத்தது மிஞ்சியதால்தான் பணமில்லாத பையன்களால் குதிக்க முடிந்தது என்றார். அந்த நைலானே போரால் வந்ததுதான். அதுவரை பட்டுத்துணி, ஜப்பானிலிருந்து பட்டு வருவது நின்றதும் நைலானுக்கு மாறினார்கள். 1942-ல் அடலின் கிரே என்ற பெண்தான் அமெரிக்காவில் நைலான் பாராசூட்டோடு முதலில் குதித்துக் காட்டியவர்.

கார்கிவ்காரர் கதை வேறு. டோசாஃப் என்ற சோவியத் ராணுவ ஆதரவுச் சங்கத்தில் பதினேழு வயதில் சேர்ந்திருக்கிறார். விமானம், பாராசூட், பயிற்சி எதற்கும் ஒரு ரூபிள்கூடக் கொடுக்கவில்லை. "ஆனால் அது எனக்காக இல்லை. நாளைக்கு ராணுவத்துக்கு ஆள் வேண்டும், அதற்காக" என்றார். அவர்கள் பாராசூட்டில் கடிகாரம் போல முடுக்கி வைத்தால் தானே பாராசூட்டைத் திறக்கும் ஒரு கருவி இருக்குமாம், பி.பி.கே.யு என்று பெயர். அன்-2 விமானத்தை விட்டு வெளியே விழுந்ததும் அது முதுகில் ர்ர்ர் என்று ஓடுமாம். வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டினார். ஐம்பது வருடம் ஆகியும் அவர் கண் மூடிக்கொண்டது அந்தச் சத்தத்துக்கு.

"1991-ல் என் நாடு காணாமல் போனது. அதே வருடம் ஜெர்மனியில் ஹெல்முட் குலோத் என்பவர் சைப்ரஸைக் கொண்டுவந்தார்" என்றார். அதற்கு முன்னால் மேற்கு நாடுகளில் தானியங்கிக் கருவிகளை அனுபவசாலிகள் நம்பமாட்டார்கள். மாணவர்களுக்கு மட்டும் மாட்டுவார்கள். சைப்ரஸ் அதை மாற்றியது. நீங்கள் எதையும் இழுக்காமல் 750 அடிக்கு வந்தும் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வை மூடிக் கட்டிய கயிற்று வளையத்தை வெட்டிவிடும். கையும் மனமும் நின்றுபோனவனுக்கு அது ஒன்றுதான் துணை. வரியைத் திட்டு, ஆனால் இந்தக் கருவியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே என்றார். ஓஹாயோக்காரர் அதற்கு மறுபேச்சு பேசவில்லை.

வரியைத் தவிர வேறு எதிலும் அரசாங்கம் தலையிடக்கூடாது என்று பேசும் ஓஹாயோக்காரர், தன் ரிக்கின் ரிசர்வ் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். ரிசர்வைப் பூட்டியிருக்கும் உலோகப் பின்னைச் சுற்றி மெல்லிய சிவப்பு நூல், அதன் நுனியில் பொட்டு அளவுக்கு ஈய முத்திரை, அதில் ரிக்கரின், அதாவது பாராசூட்டை மடித்துப் பழுது பார்ப்பவரின் குறி. மெயினை நாமே மடித்துக்கொள்ளலாம், அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம். ரிசர்வுக்கும், உடம்பில் மாட்டும் பட்டைகளான ஹார்னஸுக்கும் மட்டும் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ-வின் தரச்சான்று வேண்டும். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும், 180 நாளுக்கு ஒரு முறை. "இந்த ஒரு முத்திரையை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். இருவரும் ஒத்துப்போன இடம் அது. எனக்கும் விலை ஏன் அவ்வளவு என்று அப்போதுதான் புரிந்தது: கையால் தைப்பது, ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவெடுப்பது, தரச்சோதனை. அத்தனையும் செய்து விற்பதோ ஒரு சின்னக் கூட்டத்துக்கு.

அப்புறம் என் வாடகை ரிக்கின் தோள் நாடாவை இழுத்தார் கார்கிவ்காரர். மூன்று வளையம் இருக்கிறதே, பெரிது, நடுத்தரம், சின்னது, ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, கடைசியில் ஒரு வெள்ளைக் கயிற்றுக் கண்ணி, அதற்குள் மஞ்சள் கேபிள். எழுபதுகளில் பில் பூத் கண்டுபிடித்தது. கோளாறான கேனபியில் ஆள் முழு எடையும் தொங்கினாலும், ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பதால் கேபிளை ஒரு கையால் உருவி அந்தக் கேனபியைக் கழற்றிவிடலாம். அவர் வளையங்களைக் கழற்றி, நாடாவை விரல்களுக்கு நடுவில் வைத்து முன்னும் பின்னும் மடித்தார். மடிந்து கிடந்தே நாடா விறைத்துப் போயிருந்தது. கேபிளைத் துடைத்தார், துணியில் சாம்பல் நிற அழுக்கு வந்தது. "மாதம் ஒரு தடவை. பத்து நிமிட வேலை" என்றார். வாடகை ரிக்கை நான் அதுவரை ஒரு நாளும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

என் பட்டியலில் 150 சதுர அடி கேனபி இருந்தது. அவ்வளவு சின்னது வேகமாக இறங்கும், வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ரிக், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து நான் 210 பவுண்டு. 210 சதுர அடி என்றால் அடிக்கு ஒரு பவுண்டு, புதியவனுக்கு அது போதும். 2023-ல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் ஜம்ப், இறந்தவர்கள் 10 பேர். எழுபதுகளில் வருடத்துக்குச் சராசரி 42 பேர். கருவிகள் அவ்வளவு முன்னேறியிருக்கின்றன. இன்றைக்கும் நல்ல கேனபி தலைக்கு மேல் திறந்திருக்க, தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திரும்பிச் சாகிறார்கள். நான் பழைய 210 மெயின், பழைய கன்டெய்னர், நல்ல நிலையில் ஒரு ரிசர்வ், புது சைப்ரஸ் என்று வாங்கினேன். மொத்தம் நினைத்ததில் பாதிதான் ஆனது. மிச்சக் காசு கேனபி வகுப்புக்கும் டிக்கெட்டுக்கும் போனது.

சிட்னியிலிருந்து

அண்ணா, பழைய ரிக் வாங்குங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. நான் ஐந்தடி, 52 கிலோ. சந்தைக்கு வரும் பழைய ஹார்னஸெல்லாம் ஆறடி ஆண்களுக்கு அளவெடுத்தவை. மார்புப் பட்டையை முழுக்க இறுக்கினாலும் தோளில் நிற்காது. தலைகீழாகப் போனால் நழுவிவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. எங்கள் இடத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் இருக்கிறார், தொழிற்சங்கத்தில் இருந்தவர். சமத்துவம் பற்றி வாரம் முழுக்கப் பேசுவார். அவர்தான் சொன்னார்: "கேனபி பழையதாக இருக்கட்டும், ஹார்னஸை மட்டும் உன் அளவுக்குத் தைத்துக்கொள்." ரிக்கரிடம் கொடுத்துப் பழைய ஹார்னஸையே பிரித்து என் அளவுக்குத் தைத்தேன். செலவு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அது பாதுகாப்புச் செலவு. உயரம் குறைந்த பெண்கள் இதைக் கேட்டுச் செய்யுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து

எனக்கு பாராசூட் என்ற சொல் வானத்தில் இருந்துதான் முதலில் வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சின்னப் பெடியனாக இருந்தேன். இரவில் பரா லைற் போடுவார்கள், சின்ன பாராசூட்டில் தொங்கியபடி எரிந்துகொண்டு இறங்கும் வெளிச்சக் குண்டு. ஊரே பகல்போல் வெளிச்சமாகும், மரங்களின் நிழல் நிலத்தில் அசையும், நாங்கள் பங்கருக்குள் இருப்போம். விடிந்ததும் வயலில் அந்தச் சின்ன வெள்ளைக் குடையைத் தேடிப் போவோம். நல்ல துணி. அம்மா அதில் தலையணை உறை தைத்தார்.

இங்கே ஒன்ராறியோவில் முதல் முறை கேனபி மடிக்கப் பழகியபோது, துணி விரலில் பட்டதும் எழும்பி வெளியே போய்விட்டேன். பயிற்சி தந்தவர் கனேடிய ராணுவத்தில் பரா வீரராக இருந்தவர். பின்னால் வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, தான் பயிற்சியில் அந்த லைற்றைப் பார்த்திருக்கிறேன், கீழே வீடுகளில் ஆட்கள் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை என்றார். அதற்குப் பிறகு நானும் அவரும் போர், அகதிச் சட்டம், கனடாவின் வெளிநாட்டுக் கொள்கை எல்லாம் கதைக்கிறோம். பல விசயத்தில் அவர் கருத்து எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முழுதாகக் கேட்கிற மனுசன்.

காசு விசயம்: எங்களுக்குக் குளிர்காலம் முழுக்கக் குதிக்க ஏலாது, பொருளெல்லாம் அமெரிக்க டொலரில். எனது ரிக் அவருடைய பழைய ரிக். நான்கு தவணையில் கொடுத்தேன், வட்டியில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

நான் வெளிநாட்டில் ஏழு வருடம் வேலை பார்த்து, ரிக்கோடு ஊருக்குத் திரும்பியவன். விமான நிலையத்தில் சுங்கத்தில் நிறுத்தினார்கள். எந்த ஊர் என்று வேண்டாம். எக்ஸ்ரேயில் ரிசர்வின் ஸ்பிரிங்கும் சைப்ரஸும் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சைப்ரஸோடு ஒரு எக்ஸ்ரே அட்டை தருவார்கள், உள்ளே என்ன எங்கே இருக்கும் என்று படத்தோடு. நான் அதைப் பெட்டியில் போட்டுவிட்டிருந்தேன். அதிகாரி "ராணுவப் பொருளா?" என்றார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே வெள்ளிக் கைப்பிடியை விரலால் பிடித்தார். "சார், அதை மட்டும் இழுத்துடாதீங்க" என்று கையைப் பிடித்தே விட்டேன். இழுத்திருந்தால் ரிசர்வ் வெளியே வந்திருக்கும், மறுபடி மடிக்க எங்கே போவது? இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர் உட்கார வைத்து, பயமாக இருக்காதா, எவ்வளவு நேரம் விழுவீர்கள் என்று கேட்டார். 13,000 அடியிலிருந்து ஒரு நிமிடம் என்றேன். பழைய பொருளுக்கான மதிப்பையே ஏற்றுக்கொண்டார்.

நம் ஊரில் இதற்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஸ்கைடைவர்கள் ரேச்சல் தாமஸ், ஷீதல் மஹாஜன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம். கான்பூரில் 1941 முதல் அரசுத் தொழிற்சாலையில் பாராசூட் தைக்கிறார்கள். 2022-ல் மத்திய அரசு வான் விளையாட்டுக் கொள்கை கொண்டுவந்தது, அதில் ஸ்கைடைவிங்கும் உண்டு. ஆனால் எனக்கு ஒரு ரிக் வேண்டுமென்றால் இன்றைக்கும் டாலரில் ஆர்டர் கொடுக்க வேண்டும். குதிப்பதற்கு ஹரியானாவில் நார்னௌல் வரை போகிறேன். தைக்கத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. திருப்பூர் எனக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே தையல் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது என் ரிசர்வ் மடித்து 160 நாள் ஆகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

டிலேண்டிலிருந்து மறுபடியும்

தம்பி, பொங்கலுக்கு மதுரை வருகிறேன். திரும்பும்போது கோவை வழியாக வந்து உங்கள் ரிக்கை வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் 180 தாண்டிவிடும், அதுவரை குதிக்காதீர்கள். என் ரிக்கரிடம் கொடுத்து மடித்து, மார்ச்சில் வரும் நண்பர் கையில் அனுப்புகிறேன். இரண்டு வேலை மட்டும் நீங்கள் செய்யுங்கள். எக்ஸ்ரே அட்டையை ரிக் பையிலேயே வையுங்கள். கன்டெய்னர், ரிசர்வ், சைப்ரஸ் மூன்றின் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன், திரும்பி வரும்போது புதுப் பொருள் என்று வரி போடாமல் இருக்க. கேபின் பையில்தான் கொண்டுபோவேன், சரக்கில் போடமாட்டேன்.