என்.எஃப்.எச்.எஸ் (தேசியக் குடும்பநல ஆய்வு) டேட்டாவில் ஒரே குழந்தையைத் தொடர முடியுமா?

அறுபதாம்மாதம்:
முதுகலை ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன். ஒரு வயதில் வளர்ச்சி குன்றியிருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் உயரத்தை எட்டிப் பிடிக்கிறார்களா? என்.எஃப்.எச்.எஸ்-4 (2015-16), 5 (2019-21) இரண்டிலும் குழந்தைகள் ஃபைலை இறக்கிவிட்டேன். கிளஸ்டர் (மாதிரிப் பகுதி) எண், வீட்டு எண் வைத்து இரண்டையும் மெர்ஜ் செய்தால் நிறைய வரிசைகள் பொருந்துகின்றன. ஆனால் பாதிப் பேருக்கு ஆண் பெண்ணாகிறது!

கோடும்புள்ளியும்:
பொருந்தியது வெறும் எண்தான், பிள்ளை இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வீடுகளைப் புதிதாகத்தான் எடுக்கிறார்கள். அந்த மெர்ஜை அழித்துவிடுங்கள். பிள்ளைகளில் உயரம் அளப்பதும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும், அதனால் பள்ளி வயதுக்கு அது உதவவே உதவாது.

உங்கள் கேள்விக்கு, அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் யங் லைவ்ஸ் ஆய்வு பொருந்தும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 20 இடங்களில், 2001-02 வாக்கில் பிறந்த சுமார் 2,000 பேர், 1994-95 வாக்கில் பிறந்த சுமார் 1,000 பேர் என்று இரண்டு குழு. சின்னக் குழுவை ஏறக்குறைய 1, 5, 8, 12, 15 வயதுகளில் பார்த்திருக்கிறார்கள். யு.கே. டேட்டா சர்வீஸில் பதிவு செய்தால் கிடைக்கும். ஏழை மக்கள் பக்கம் சாய்த்து எடுத்த மாதிரி அது. ‘இந்தியாவில் இத்தனை சதவீதம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தராசுமுள்:
டேட்டா கிடைத்த பிறகுதான் உண்மையான வம்பு. இசட் ஸ்கோர் (அதே வயது, பாலினத்தின் நடு உயரத்திலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) ஏறினாலே ‘பிடித்துவிட்டான்’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். உலக சுகாதார நிறுவன அட்டவணையைப் பாருங்கள்: 2 வயது ஆண் குழந்தையின் நடு உயரம் 87.1 செ.மீ., மைனஸ் 2 (இதற்குக் கீழே போனால் குன்றியவன்) என்றால் 81.0. 5 வயதில் 110.0, 100.7. அதாவது மைனஸ் 2-இல் குறை 6.1 செ.மீ.யிலிருந்து 9.3 ஆகிறது. ஒரு பையன் மைனஸ் 2-இலிருந்து மைனஸ் 1.5-க்கு ஏறினாலும் குறை சுமார் 7 செ.மீ. ஸ்கோர் தேறியது, இடைவெளி கூடிவிட்டது! இரண்டையும் போடுங்கள்.

இன்னொன்று, வயது. 12 மாதத்துக்கும் 13-க்கும் நடு உயரத்தில் 1.2 செ.மீ. வித்தியாசம், கிட்டத்தட்ட அரை ஸ்கோர். பிறந்த தேதியைத் தாய் ஒரு மாதம் முன்பின் சொன்னாலே நல்ல பிள்ளை குன்றியவன் பட்டியலுக்குள் வந்துவிடும். 5 வயதில் அதே ஒரு மாதப் பிழை அவ்வளவு ஆட்டாது; பிள்ளை தானாக ‘தேறிவிடும்’. அதனால் மைனஸ் 2 என்ற ஒற்றைக் கோட்டை நம்பாமல், கோட்டுக்கு அருகில் இருப்பவர்களை விலக்கியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 60 மாதத்துக்கு மேல் அதே நிறுவனத்தின் 2007 அட்டவணைக்கு மாற மறக்காதீர்கள்.

அறுபதாம்மாதம்:
நன்றி. கைடு தமிழ்நாடும் வேண்டும் என்கிறார்.

கோடும்புள்ளியும்:
அப்படியென்றால் ஐ.எச்.டி.எஸ் (இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு): 2004-05, 2011-12. அதே வீடுகளுக்குத் திரும்பப் போனது. சுமார் 83 சதவீதம் வீடுகள் மீண்டும் கிடைத்தன, நகரங்களில் நழுவியது அதிகம். தமிழ்நாட்டை மட்டும் பிரித்தால் எண்ணிக்கை சுருங்கும். உயரம் விடுபட்ட வரிசைகளை முதலில் எண்ணிவிட்டு கைடிடம் பேசுங்கள். மெர்ஜில் தகராறு வருவது தனிக்குடித்தனம் போன வீடுகளால். அண்ணன் தம்பி பிரிந்திருந்தால் முதல் சுற்றின் ஒரு வீடு இரண்டாம் சுற்றில் இரண்டாக இருக்கும். வீட்டு எண்ணோடு பிரிவு எண்ணையும் சேர்த்துக் கட்டாவிட்டால் சித்தப்பா மகனின் உயரம் உங்கள் பையன் பேரில் ஏறும்.