விடிந்த பிறகு வந்தவர்கள்

பிட்ஸ்பர்க்வாசி

பேய்ப்படங்களில் கறுப்பின மனிதர்களை முதலில் எங்கே கவனித்தீர்கள் என்று இந்த மன்றத்தில் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். கீழ்வீட்டில் ஒரு கறுப்பினப் பெரியவர் தனியாக இருந்தார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலில் பனி அள்ளிப் போட ஒத்தாசைக்குப் போய்ப் பழக்கம். ஒருநாள் "நம்ம ஊர்ப்பக்கம் எடுத்த படம், பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டு 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' போட்டார். 1968ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்.

செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் பென் ஒருவர்தான் கறுப்பர். ஜன்னலுக்குப் பலகை அடிப்பது, ரேடியோவைத் தேடிப் பிடிப்பது, அடுத்து என்ன என்று முடிவெடுப்பது எல்லாம் அவர்தான். கூட இருப்பவர்கள் யாரும் அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதற்கு முன்னால் அமெரிக்கத் திகில் படங்களில் கறுப்பர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1941ல் வந்த 'கிங் ஆஃப் தி ஸாம்பீஸ்' படத்தைத் தூக்கி நிறுத்துவதே மாண்டன் மோர்லண்ட்தான். ஆனால் அவ்வளவு திறமைசாலிக்கும் கண்ணை உருட்டி நடுங்குகிற வேலைக்காரன் வேடம்தான்.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் நன்றாகப் படித்தவர், கல்லூரியில் பாடம் எடுத்தவர். எழுதி வைத்திருந்த பென் ஒரு முரட்டு லாரி டிரைவர். ஜோன்ஸ் அந்த வசனங்களைத் தன் நடைக்கு மாற்றிக்கொண்டார். நிறத்தை மனதில் வைத்து எடுக்கவில்லை, ஆடிஷனில் இவர்தான் நன்றாகச் செய்தார் என்று இயக்குநர் ரொமெரோ சொல்லிவந்தார். நம்புகிறேன். ஆனால் ஜோன்ஸுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பார்பரா என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அவர் அடிக்கிற காட்சியில் பெரியவர் படத்தை நிறுத்தினார். சின்ன வயதில் தியேட்டரில் பார்த்தாராம். "இந்த அடி விழுந்ததும் யாரும் மூச்சுக்கூட விடவில்லை" என்றார்.

விடிகிறது. மற்ற எல்லாரும் செத்தாயிற்று. நிலவறையிலிருந்து பென் மட்டும் மேலே வருகிறார். வெளியே நாய்களோடும் துப்பாக்கிகளோடும் ஷெரீஃபின் ஆட்கள். காப்பாற்ற வந்தவர்கள்! பென் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். நெற்றியில் ஒரே குண்டு. நடைபிணம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அப்புறம் படம் ஓடுவதில்லை. புள்ளி புள்ளியாகப் பத்திரிகைப் புகைப்படங்கள் போல ஒவ்வொன்றாக வருகின்றன. இறைச்சிக் கொக்கிகளோடு நிற்கும் ஆட்கள், இழுத்துப் போட்ட உடல், விறகுக் குவியல். அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கூட்டமாக நின்று எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது.

இதெல்லாம் நான் தனியாகப் பார்த்தேன். பெரியவர் அதற்கு முன்பே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவ ஒரே ஒரு கப்தான் இருந்தது. திரும்பி வந்து, "விடியும் வரை தாக்குப்பிடித்தான்" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

படத்தின் பிரதியை ரொமெரோ காரில் நியூயார்க்குக்குக் கொண்டுபோன அன்று இரவுதான், மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டார்.

ஞாயிறுப்படம்

பிட்ஸ்பர்க் அண்ணா, 1990ல் இதே படத்தைக் கலரில் திரும்ப எடுத்தார்கள். அதில் பென் யார் தெரியுமா? டோனி டாட். இரண்டு வருஷம் கழித்து 'கேண்டிமேன்' படத்தில் அந்தப் பேயாக வந்தாரே, அவர்தான். நான் முதலில் பார்த்தது அந்தக் கேண்டிமேனைத்தான். வாயிலிருந்து நிஜத் தேனீக்கள் வரும். கொட்டுக்கு ஆயிரம் டாலர் என்று பேசிக்கொண்டு 23 கொட்டு வாங்கியிருக்கிறார்.

அந்தக் குரலுக்காக எத்தனை தடவையும் பார்ப்பேன். ஆனாலும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். வெள்ளையர் கும்பல் கொடுமைப்படுத்திக் கொன்ற கறுப்பின ஓவியர் பேயாகி வருகிறார், வந்து தன் சொந்த மக்கள் வாழும் குடியிருப்பையே நடுங்க வைக்கிறார். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. படத்தில் குளியலறை மருந்து அலமாரிக்குப் பின்னால் ஓட்டை இருக்கும், அடுத்த வீட்டிலிருந்து நுழையலாம். அது கற்பனை இல்லை. 1987ல் சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் அந்த வழியாக வந்து ஒரு கறுப்பினப் பெண்ணைக் கொன்றார்கள். அவர் போலீஸுக்குப் போன் செய்திருந்தார். வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். பேயைவிட அந்தத் தட்டல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பின்வரிசை

நான் 2017ல் கனடாவில் ஸ்காபரோ பக்கம் ஒரு தியேட்டரில் 'கெட் அவுட்' பார்த்தேன். கிறிஸ் என்ற கறுப்பின இளைஞன் தன் வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்கிற கதை. எங்களுக்கு முன்வரிசை முழுக்கக் கறுப்பினப் பிள்ளைகள். கடைசியில் கிறிஸ் எப்படியோ தப்பித்து ரோட்டுக்கு வந்துவிடுவான். பக்கத்தில் அந்தக் காதலி இரத்தத்தோடு கிடப்பாள். அப்போது சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றுகொண்டு போலீஸ் கார் போல ஒரு கார் வரும். கிறிஸ் இரண்டு கையையும் தூக்குவான். முன்னால் இருந்த பெண் ஸ்வெட்டர் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்றாள். கார்க் கதவு திறந்தது. அதில் 'ஏர்போர்ட்' என்று எழுதியிருந்தது. வந்தது அவன் நண்பன்! தியேட்டரே அதிர்ந்தது. தெரியாத ஆட்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் ஜோர்டன் பீல் முதலில் எடுத்து வைத்திருந்த முடிவில் வருவது போலீஸ்தான். கிறிஸ் ஜெயிலுக்குப் போவான். அதை மாற்றினார். மாற்றியது சரி என்று அந்த முன்வரிசையைப் பார்த்த நான் சொல்வேன்.

அண்ணா, அந்தப் பெரியவர் இதைப் பார்த்தாரா?

பிட்ஸ்பர்க்வாசி

பார்த்தார், என்னோடுதான். சிவப்பு நீல விளக்கு வந்ததும் நாற்காலிக் கையை அழுத்தி எழப் போனார். "கொஞ்சம் இருங்கள்" என்றேன். இருந்தார்.