கேரவன்ல கெட்டில் போட்டதும் இன்வெர்ட்டர் கட் ஆகுது – பேட்டரி போச்சா?

கேள்வி
12 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஏஜிஎம் வகை லெட்-ஆசிட் பேட்டரி ஒண்ணு, 2000 வாட்ஸ் பியூர் சைன் இன்வெர்ட்டர். பேட்டரி வண்டியோட பின்பக்கம், இன்வெர்ட்டர் சீட்டுக்கு அடியில. நடுவுல 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள், ஒரு பக்கம் மூணரை மீட்டர். லேப்டாப், ஃபேன், டிவி ஓடுது. 1500 வாட்ஸ் கெட்டில் போட்டா பத்து செகண்டுல பீப் அடிச்சு கட் ஆயிடுது. லோடு இல்லாதப்ப பேட்டரி 12.7 காட்டுது. இன்னொண்ணு, ஒண்ணுமே ஓடாத ராத்திரியிலயும் இன்வெர்ட்டர் ஆன்ல இருந்தா காலைல பேட்டரி பாதிதான் இருக்கு.

பதில் 1
12.7 என்பது சும்மா இருக்கும்போது காட்டுவது. லோடு ஏறும்போது என்ன ஆகிறது என்பதை அது சொல்லாது. இன்வெர்ட்டருக்கு வந்து சேரும் வோல்ட் ரொம்ப இறங்கினால் அது பீப் அடித்து கட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தால் உங்கள் கெட்டில் பேட்டரியிலிருந்து 1700 வாட்ஸ் இழுக்கும், கிட்டத்தட்ட 150 ஆம்ஸ். போக வர 7 மீட்டர் கேபிளில் மட்டுமே 0.7 வோல்ட் காலி.

கெட்டிலை ஓடவிட்டு அளந்து பாருங்கள். முதலில் பேட்டரி முனைகளில், அடுத்து இன்வெர்ட்டர் முனைகளில். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ் மேலேயே (கேபிள் நுனியில் இருக்கும் லக் மேல் வேண்டாம்), இன்னொன்றை இன்வெர்ட்டர் பிளஸ் மேல் வையுங்கள். மைனஸுக்கும் அப்படியே. பத்து செகண்ட்தான் கிடைக்கும், மீட்டரைப் பார்க்க இன்னொருவர் இருந்தால் நல்லது.

கேட்டவர்
பேட்டரியில 11.6, இன்வெர்ட்டர்ல 10.5. பிளஸ் பக்கம் 0.7, மைனஸ் 0.4. ஃப்யூஸ் ஹோல்டர் மேல மட்டும் 0.3. ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கு. ஃப்யூஸ் 250 ஆம்ஸ்.

பதில் 1
பேட்டரி பிழைத்தது, வோல்ட் வழியில்தான் தொலைகிறது. ஹோல்டரைத் தூக்கிப் போடுங்கள். வோல்ட் 10.5க்கு இறங்கியதால் கரண்ட் 160 ஆம்ஸ் ஆகிறது, அதில் 0.3 வோல்ட் என்றால் அந்த ஒரு இடத்திலேயே 48 வாட்ஸ் சூடு. கழற்றும்போது வாஷர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். லக்குக்கு அடியில் ஸ்டீல் வாஷர் இருந்தால் அதுதான் குற்றவாளி. லக் நேராக ஃப்யூஸ் தகட்டின் மேல் உட்கார வேண்டும், அதற்கு மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட்.

25 ஸ்கொயர் கேபிளுக்கு 250 ஆம்ஸ் ஃப்யூஸ் ஆபத்து: ஃப்யூஸ் போவதற்கு முன் கேபிள் எரியும். இன்வெர்ட்டரைப் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து 70 ஸ்கொயர் போடுங்கள். கேபிள் நஷ்டம் 0.1 வோல்ட்டுக்குள் வந்துவிடும், அந்தக் கேபிளுக்கு 250 ஃப்யூஸும் பொருந்தும். ஃப்யூஸ் பேட்டரி பிளஸுக்கு ஒட்டியே இருக்கட்டும். தூரம் போக வேண்டியது 230 வோல்ட் வயர்தான், அதில் கெட்டிலுக்கு 6.5 ஆம்ஸ்தான் ஓடும்.

பதில் 2
ராத்திரி விஷயம் வேற. வெளிக் கரண்டுக்கான பிளக்கை இன்வெர்ட்டர் அவுட்புட்ல சொருகியிருக்கீங்களா? அப்படின்னா வண்டியில பேட்டரியை ஏத்துற சார்ஜருக்கும் இன்வெர்ட்டர் கரண்டுதான் போகுது. பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டுது, இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டுது, சார்ஜர் அதே பேட்டரியை ஏத்துது. 30 ஆம்ஸ் சார்ஜர்னா பேட்டரியிலிருந்து சுமார் 550 வாட்ஸ் வெளிய போய் 420தான் திரும்பி வரும். மணிக்கு 10 ஏஎச் காணாமப் போகும், எட்டு மணி நேரத்துல 80. இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்குறதுக்கு 10 சேர்த்துக்குங்க.

கேட்டவர்
ஆமா, அப்படித்தான் சொருகியிருக்கு. சார்ஜரும் 30 ஆம்ஸ்தான்.

பதில் 2
இன்னிக்கு சார்ஜரோட எம்சிபியை (அந்த லைனோட பிரேக்கர் ஸ்விட்ச்) இறக்கிட்டு பாருங்க. நிரந்தரமா சார்ஜர் லைனைத் தனியாப் பிரிச்சு வெளிக் கரண்ட் பக்கம் மட்டும் கொடுங்க, சாக்கெட்டுகளுக்கு வெளிக் கரண்டா இன்வெர்ட்டரான்னு மாத்துற டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச். ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் ஓடுற வகைன்னா ஆட்டோல விடாதீங்க, இன்வெர்ட்டர்ல 230 வந்ததும் கேஸை விட்டு அதுக்குத் தாவி பேட்டரியை இழுக்கும்.

800 வாட்ஸ் கெட்டில் வாங்கியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஹோல்டர் மட்டும் ஒருநாள் புகைஞ்சிருக்கும்.