தண்ணி வராத போகம்: திருகோணமலை வயல்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

தம்பலகாமம் பையன்

நான் ஏ.எல். படித்த வருஷத்துச் சிறுபோகம், கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற போகம். குளத்தில் தண்ணீர் குறைவு என்று ஆரம்பக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் விதைத்தோம், விதைக்காமல் என்ன செய்வது? எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி. கந்தளாயில் திறக்கிற தண்ணீர் எங்களிடம் வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று அந்தப் பக்கம் வயல் செய்தவர்களுக்குத் தெரியும்.

பயிர் குடலைப் பருவம், கதிர் வெளியே வர முந்திய நேரம். எங்கள் முறை ராத்திரி, தண்ணீரைக் காணோம். அப்பாவும் நானும் டோர்ச் அடித்துக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே நடந்தோம். இரண்டு மணி இருக்கும். ஓர் இடத்தில் மண்மூடை போட்டு மறித்திருந்தது. பக்கத்து வரம்பில் ஒரு ஐயா, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அப்பா சண்டைக்குத்தான் போனார். அவர் எழும்பவே இல்லை. "தம்பி, டோர்ச்சை என்ர வயல் பக்கம் அடிச்சுப் பாரும். பார்த்திட்டு நீரே வெட்டி விடும்" என்றார்.

அடித்துப் பார்த்தோம். கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "வாடா, போவம்" என்றார். வீடு வரும் வரை ஒரு சொல் பேசவில்லை. எங்கள் கதிர் வெள்ளையாக வந்தது, உள்ளே மணி இல்லை. அவர் மறித்தது பிழைதான். அப்பா வெட்டாமல் திரும்பியது சரியா என்று என்னால் இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

கிண்ணியாக்காரன்

எங்களுக்கு வானம் செய்ததை விட மேசையில் இருந்து எழுதியவர்கள் செய்ததுதான் கூட. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை. நவம்பரில் எடுத்தார்கள், ஆனால் கடையில் யூரியா இல்லை. ஒரு காலத்தில் மானியத்தில் அந்தர், அதாவது ஐம்பது கிலோ மூடை, 350 ரூபாவுக்கு எடுத்தது அது. வாப்பா வரம்பில் நின்று "புள்ளைக்குக் காமாலை வந்த மாதிரி நிக்குதுடா" என்றார்.

அப்படியும் கொஞ்சம் விளைந்தது. 2022 மார்ச், வெட்டு மெஷின்காரர் "டீசல் கொண்டு வாங்க, வெட்டித் தாறன்" என்று சொல்லிவிட்டார். வாப்பா கேனோடு இரண்டு நாள் வரிசையில் இருந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது முடிந்துவிட்டது. வெறும் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கேட்டடியில் வந்து நின்ற கோலம் இருக்கிறதே, அதுதான் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு இரவு மழை. கதிர் எல்லாம் படுத்துவிட்டது.

வயல் நண்பன்

நானும் ஒரு போகம் முழுதாக இழந்தவன், சேருவில பக்கம், ஐந்து ஏக்கர். அதை விடுங்கள். தம்பலகாமம் தம்பி, குறை நினைக்கக் கூடாது. தண்ணீர் குறைவு என்று கூட்டத்தில் சொன்ன பிறகும் எல்லாரும் முழுக் காணியும் விதைத்தால் கடைசி வயல் காயத்தான் செய்யும். இதற்குத்தானே பெத்மா முறை இருக்கிறது. குளத்துக்குக் கிட்ட உள்ள காணியை மட்டும் எடுத்து, அந்தப் போகத்துக்கு எல்லாரும் பங்கு போட்டுச் செய்வது. வாய்க்கால் நீளத்தில் வீணாகும் தண்ணீர் மிச்சம். அடுத்தது, மூன்றரை மாத நெல்லை விடுங்கள். பீஜி 250 என்ற நெல்லை எண்பது நாளில் வெட்டலாம். அதற்கும் தண்ணீர் போதாது என்றால் பயறு, கௌப்பி, எள்ளு போடலாம். பயறு இரண்டு மாதத்தில் கைக்கு வரும். மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்தால் நிலம் பண்படுத்தச் செலவாகும் தண்ணீரும் மிச்சம். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதும் இல்லை, காய விட்டு விட்டுப் பாய்ச்சலாம். ஆனால் பூக்கும் நேரத்தில் மட்டும் காய விடக்கூடாது.

கிண்ணியாக்காரன்

வயல் நண்பன் காக்கா, எங்கட பள்ளக்காணி களியில் பயறு போட்டுப் பாருங்கள். ஒரு மழைக்கு வேர் அழுகிவிடும். மேட்டுக்காணிக்காரர்களுக்குச் சொல்லுங்கள், சரி. நான் எழுதியது பசளையும் டீசலும் பற்றி. அதற்கு எண்பது நாள் நெல் என்ன செய்யும்?

வெருகல் மகள்

பக்கத்தில் ஆறு ஓடுகிறது, எங்களுக்குக் கோடையில் குடிதண்ணீர் பவுசரில் வரும். மார்கழியில் அதே ஆறு வீட்டுக்குள் வரும். வரட்சி வருஷம் ஒன்றில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னர், ஒருவர் வயல் பார்க்க வந்தார். கூட வந்தவர் குடை பிடித்தார், இன்னொருவர் படம் எடுத்தார். வெடித்த நிலத்தில் நின்று "எத்தனை ஏக்கர் பாதிப்பு?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்ல முதல், வெயிலில் வந்த மனுசன் என்று ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்கு வீட்டில் இருந்ததே ஒரு குடம். அவர் செம்பைத் தொடவில்லை. பின்னால் திரும்பிப் போத்தல் கேட்டார்.

அம்மா அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. அப்படியே கொண்டுபோய்க் குடத்தில் விட்டார். நட்டஈட்டுக்கு ஒரு படிவம் நிரப்பினோம். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

தம்பலகாமம் பையன்

அக்கா, அந்தக் குடத்தை நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது.

வயல் நண்பன் அண்ணன், பெத்மா நல்ல முறைதான், மறுக்கவில்லை. எங்களுக்குச் சொந்தக் காணி இல்லை. அப்பா செய்தது குத்தகை வயல். பங்கு பிரித்தால் காணிக்காரர் பெயருக்குத்தான் பங்கு, எங்களைக் கூட்டத்துக்கே கூப்பிட மாட்டார்கள். பயிர் செத்தாலும் குத்தகை நெல் கொடுக்க வேண்டும். அந்தக் கடனை அடுத்த பெரும்போகம் வெட்டித்தான் முடித்தோம். அப்பா அதோடு அந்த வயலை விட்டுவிட்டார். இப்போது மேசன் வேலைக்குப் போகிறார், ஆனால் மழை இருட்டினால் இன்னும் வெளியே வந்து நின்று பார்ப்பார்.