78 சூறாவளிக் கதைகளைப் பதியப் போகிறோம், சம்மதம் வாங்குவது எப்படி?

கொக்கட்டிச்சோலை வாசகி:
வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி வயசானவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்ய எங்கள் வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்திருக்கிறோம். அப்போது 20 வயசில் இருந்தவர்களுக்கே இப்போது 70 ஆகப்போகிறது, இனித் தள்ளிப்போட முடியாது. ஆனால் சம்மதப் படிவத்தை நீட்டினால் பெத்தாமார் (பாட்டிமார்) "எதுக்கு மகள் ஒப்பம்?" என்று பயப்படுகிறார்கள். இன்னொன்று, சூறாவளியில் தொடங்குகிற பேச்சு மெல்ல, தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் யுத்தக் கொலைகள் நடந்த 1990ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் என்ன செய்வது?

வாவிக்கரை:
ஒப்பம்தான் வேணும் என்றில்லை தங்கச்சி. யார் பதிகிறோம், எங்கே வைப்போம், யார் கேட்பார்கள், எந்த நேரமும் நிப்பாட்டலாம், பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம், இதையெல்லாம் ரெக்கோடரைப் போட்டுவிட்டுச் சொல்லி, அவர் வாயாலேயே "சரி" வாங்குங்கள், அதுவும் சம்மதம்தான். யுத்த காலத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனவர்களைப் பார்த்த சனம், கடதாசிக்குப் பயப்படத்தான் செய்யும். எழுத்தாக்கிய பிறகு திரும்பப் போய் வாசித்துக் காட்டி இன்னொரு தரம் கேளுங்கள். முதல் நாள் சரி என்றவர் அன்றைக்கு "அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடு மகள்" என்று சொல்லலாம், எடுத்துவிட வேண்டும்.

மருதமுனை ஆசிரியர்:
90ஐ நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகவே போனால் இடைமறிக்கவும் வேண்டாம், "இதையும் பதியலாமா, நிப்பாட்டவா?" என்று மட்டும் கேளுங்கள். மற்றவர்களின் பெயர் வருகிற இடம்தான் எனக்குப் பெரிய பயம். அவர் சம்மதித்தார், அந்தப் பெயருக்குரியவர் சம்மதிக்கவில்லையே. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வேலிக்கு வேலி இருக்கிற நம்ம ஊர்களில் ஒரு பெயர் வெளியே போனால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பகுதியைப் பூட்டி வையுங்கள், இணையத்தில் ஏற்றவே கூடாது. அழுதுவிட்டால் மைக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், அடுத்த நாள் யாராவது எட்டிப் பார்க்கட்டும்.

கல்லாறு:
"சூறாவளி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பயங்கரம்தான்" என்பார், அதோடு முடிந்தது. "அன்றைக்குப் பின்னேரம் எங்கே நின்றீங்க, வீடு கிடுகா ஓடா, மறுகா எங்கே ஓடினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். திகதி பிழைத்தால் அங்கேயே திருத்தாதீர்கள், அவர் நினைவு வைத்திருக்கிற விதமும் பதிவாக வேண்டியதுதான். ஃபேனை நிப்பாட்டுங்கள். ஒலிக்கோப்பைச் சுருக்காமல் வேவ் (WAV) வடிவிலேயே சேமித்து, மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கொக்கட்டிச்சோலை வாசகி:
நன்றி எல்லோருக்கும். பக்கத்தில் மகன் இருந்தால் பெத்தா பேச்சைச் சுருக்கிவிடுகிறார், அதற்கு வழி?

வாவிக்கரை:
மகன் வயலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆனால் போவது அவருக்கும் தெரிந்திருக்கட்டும், ஒளித்துச் செய்யக் கூடாது.