ஊக்கு மோட்டார் சுற்றவில்லை, நாளைக்குக் கண்காட்சி, அவசரம்

கரூர் அம்மா:
மகள் ஏழாம் வகுப்பு. காலையில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கு, ஊக்குகளின் துளையில் சுழல வேண்டிய செம்புக் கம்பிச் சுருள், அதற்குக் கீழே காந்தம், எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறோம். விரலால் தட்டிவிட்டாலும் இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடுகிறது. அழ ஆரம்பித்துவிட்டாள். யாராவது சொல்லுங்கள்.

மின்மினி:
எந்த பேட்டரி? என்ன கம்பி, எத்தனை சுற்று? முனைகளைச் சுரண்டினீர்களா? படம் இருந்தால் போடுங்கள்.

காந்தப் பிரியன்:
காந்தம்தான் காரணம். ஃபிரிட்ஜில் ஒட்டும் பட்டைக் காந்தம் இதற்குப் பத்தாது. பழைய ஸ்பீக்கரைப் பிரித்து அந்த வட்டக் காந்தத்தை வையுங்கள். என் பையனுக்கு அப்படித்தான் ஓடியது.

பழைய வாத்தியார்:
இதை எத்தனை முறை சொல்வது? வைண்டிங் கம்பி வெறும் செம்பு இல்லை, மேலே மின்சாரத்தைத் தடுக்கும் இனாமல் பூச்சு இருக்கிறது. ஒரு முனையில் சுற்றிலும் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் பாதிச் சுற்று முன்னே தள்ளும், மீதிப் பாதி பின்னே இழுக்கும். அடிப்படையைப் படித்துவிட்டுக் கம்பியைத் தொட வேண்டும்.

வைண்டிங் செல்வம்:
சார், அந்த அக்கா ராத்திரியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் பதமாகச் சொல்லலாம்.

ராஜபாளையம் குமார்:
9 வோல்ட் பேட்டரி போடுங்கள். 1.5 வோல்ட்டில் என்ன சுற்றும்?

வைண்டிங் செல்வம்:
வேண்டாம் அண்ணா. 26 கேஜ் தடிமன் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு 0.1 ஓம்தான், அதனால் வோல்ட் அதிகம் வேண்டாம். சுருளுக்கு வேண்டியது ஆம்பியர், அதாவது மின்னோட்டம். அந்தச் சதுர பேட்டரிக்குள் இருப்பது ஆறு சின்ன செல், உள்மின்தடை அதிகம். பெரிய டார்ச் பேட்டரி ஒன்றே அதைவிட நிறையத் தரும்.

ராஜபாளையம் குமார்:
எங்கள் வீட்டில் ஓடியது. கண்ணால் பார்த்தேன்.

பழைய வாத்தியார்:
உங்கள் வீட்டுக்கென்று தனி ஓம் விதி கிடையாது.

கரூர் அம்மா:
பெரிய டார்ச் பேட்டரி, புதுசு. பத்துச் சுற்று. ஸ்பீக்கர் காந்தம்தான். ஒரு முனை முழுசா, மறுமுனை பாதி, பிளேடால் சுரண்டினேன். கம்பி சுடுகிறது, ஆனால் சுருள் காந்தத்துக்கு மேலே படுத்த மாதிரி நின்றுவிடுகிறது.

வைண்டிங் செல்வம்:
அக்கா, பாதி சுரண்டும்போது சுருள் மேஜையில் படுத்திருந்ததா, நின்றிருந்ததா? காந்தம் கீழே இருப்பதால் சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் தள்ளும் விசை அதிகம், அப்போது மின்சாரம் ஓட வேண்டும். படுக்க வைத்துச் சுரண்டினால் படுத்திருக்கும்போது ஓடும். காந்தம் அப்படியே பிடித்து நிறுத்திவிடும். புதுக் கம்பியில் சுருள் செய்து, தட்டை நிமிர்த்துவது போல நிறுத்திப் பிடித்து, முனையை மேஜை விளிம்பில் வைத்து மேல்பக்கம் மட்டும் சுரண்டுங்கள். முனைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். சுற்றாமல் நிற்கும்போது இணைப்பை எடுத்துவிடுங்கள், கை சுட்டுவிடும்.

காந்தப் பிரியன்:
இருந்தாலும் இன்னொரு காந்தம் சேர்த்துப் பாருங்கள்.

கரூர் அம்மா:
படுக்க வைத்துத்தான் சுரண்டியிருந்தேன். புதுசு செய்தோம், ஓடுகிறது!! கண்ணுக்குச் சுருளே தெரியவில்லை. நன்றி தம்பி, தூங்கப் போகிறோம்.

ராஜபாளையம் குமார்:
நல்லது அம்மா. செல்வம், 9 வோல்ட்டில் ஓடுவதை நாளைக்கு வீடியோ எடுத்துப் போடுகிறேன், பாருங்கள்.